ஏர் பிடிக்கும் டீசல், ஆவியாகும் பெட்ரோல்

பங்க்கில் பெட்ரோல் போடும்போது நாலு சொட்டு தரையில் சிந்தினால், நீங்கள் காசு கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்துவதற்குள் அந்த இடம் காய்ந்துவிடும். டீசல் பம்புக்கு அடியில் பாருங்கள். முந்தாநாள் சிந்தியதுகூட வழுவழுவென்று அப்படியே கிடக்கும், செருப்பு வழுக்கும். பெட்ரோல் பறந்துபோகிற சரக்கு, டீசல் தங்குகிற சரக்கு. டேங்க், மூடி, குழாய் என்று இரண்டு வண்டிகளிலும் காணும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவைதான்.

இது தெரிந்து நமக்கென்ன ஆகப்போகிறது? பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்கு தினமும் பைக்கில் போய்வருகிறீர்கள், அல்லது டிராக்டர் வைத்திருக்கிறீர்கள், அல்லது தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறீர்கள் என்றால் காரியம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் உள்ளே இருப்பது வெளியே போய்விடாமல் பார்க்கவேண்டும். டீசல் வண்டியில் வெளியே இருக்கும் காற்றும் தண்ணீரும் புழுதியும் உள்ளே போய்விடாமல் பார்க்கவேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மெக்கானிக் சொல்வதில் பாதி புரிந்துவிடும்.

முதலில் அளவு. பெட்ரோலின் பற்றுநிலை (பக்கத்தில் தீப்பொறி இருந்தால் பற்றும் அளவுக்கு ஆவி எழும்பத் தொடங்கும் வெப்பநிலை) பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி. ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்தாலும் பற்றும் என்று அர்த்தம். டீசலுக்கு இந்தியத் தர விதி அது 35 டிகிரிக்குக் குறையக்கூடாது என்கிறது. பெட்ரோலியச் சட்டம் பற்றுநிலை 23 டிகிரிக்குக் கீழே இருப்பதை 'ஏ' வகுப்பு என்றும், 23 முதல் 65 வரை இருப்பதை 'பி' வகுப்பு என்றும் பிரிக்கிறது. பெட்ரோல் முதல் வகுப்பு, டீசல் இரண்டாவது.

"சித்திரையில் நம்ம பக்கம் 38 டிகிரி அடிக்கிறதே, அப்படியானால் டீசலும் பற்றுமே?" என்று கேட்பீர்கள். 35 என்பது அடிமட்ட வரம்பு. பங்க்கில் வரும் டீசல் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் கேள்வி நியாயமானது. வெயிலில் காய்ந்த டீசல் கேன் பக்கத்தில் பீடி பற்றவைக்க யாருக்கும் அனுமதியில்லை.

சரி, பெட்ரோல் டேங்க்குக்குள் என்ன நடக்கிறது? நிழல் இல்லாத கரிசல் காட்டில் வண்டியைப் பத்து மணிக்கு நிறுத்திவிட்டு இரண்டு மணிக்கு வருகிறீர்கள். டேங்க் சூடாகிறது. பெட்ரோல் கொஞ்சம் விரிகிறது. பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு. இருபது லிட்டருக்கு 200 மில்லி. அதைவிட, மேலே உள்ள வெற்றிடத்தில் ஆவி நிறைந்து அழுத்தம் கூடுகிறது. மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று வருவது அதுதான். அந்தச் சத்தம் கோளாறு அல்ல. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்தால் போதும்.

இந்த ஆவியை அப்படியே வெளியே விட்டால் என்ன? முன்பு உலகம் முழுக்க அப்படித்தான் விட்டார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் வந்து வருடக்கணக்கில் படுத்தியது. பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையும் வெயிலில் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன என்று 1950-களில் தெரிந்தது. 1970-இல் கலிஃபோர்னியாவிலும் அடுத்த வருடம் அந்த நாடு முழுவதும் புதுக் கார்களில் ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு வந்தது. இன்று இந்தியாவில் பெட்ரோல் காரை மூடிய அறைக்குள் நிறுத்திச் சோதிக்கிறார்கள். டேங்க், குழாய் எல்லாம் சேர்த்து 2 கிராமுக்கு மேல் ஆவி கசிந்தால் அந்த மாடல் தேறாது.

எப்படிப் பிடிக்கிறார்கள்? கரியை வைத்து. டேங்க்கின் மேலிருந்து ஒரு குழாய், கரி நிரப்பிய ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகிறது. அதன் பெயர் கேனிஸ்டர் (ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி). உள்ளே இருப்பது அடுப்புக்கரி அல்ல, பதப்படுத்திய கரி. வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் வாடை எடுக்கப் போடும் வகை. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அத்தனை இருக்கின்றன. ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நாலு கிராம் கரிக்குள் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் நிலம்! அந்தப் பரப்பில் பெட்ரோல் ஆவி ஒட்டிக்கொள்கிறது, காற்று மட்டும் வெளியே போகிறது.

பிடித்ததைப் பிறகு என்ன செய்வது? எரிக்கிறார்கள். என்ஜின் சூடாகி ஓடும்போது பர்ஜ் வால்வு (கரிப்பெட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள சிறு கதவு) திறக்கிறது. பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும் வழியில் ஓர் உறிஞ்சல் இருக்கும். அது கரிப்பெட்டி வழியாக வெளிக்காற்றை இழுக்க, ஒட்டியிருந்த ஆவியும் கூடவே கிளம்பி என்ஜினுக்குள் போய் எரிகிறது. கரி காலியாகி அடுத்த வெயிலுக்குத் தயாராகிறது. பானெட்டைத் திறந்துவைத்துக் கேட்டால் சில கார்களில் 'டிக் டிக்' என்று மெலிதாக ஒரு சத்தம் வரும். அது இந்த வால்வு வேலை செய்யும் சத்தம். என்ஜின் அடிக்கிறது என்று பயந்து ஒர்க்‌ஷாப் போகவேண்டாம்.

பைக்கிலும் இது உண்டா? 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 விதி வந்தபோது பைக், ஸ்கூட்டருக்கும் கட்டாயமானது. உங்கள் வண்டி அதற்குப் பிந்தியது என்றால் டேங்க்குக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ ரப்பர் குழாய்கள் செருகிய சின்னக் கறுப்பு டப்பா இருக்கும். "இது எதுக்குண்ணே தேவையில்லாம" என்று கழற்றி வீசச் சொல்லும் ஆட்கள் உண்டு. கேட்காதீர்கள். குழாயைப் பாதியில் விட்டால் பெட்ரோல் வாடை சீட்டுக்கு அடியிலேயே தங்கும், சில வண்டிகளில் ஐட்லிங் நிற்காது.

டீசல் வண்டியில் இந்த டப்பா எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை, தேடாதீர்கள். பிடிப்பதற்கு அங்கே ஆவி அவ்வளவாக இல்லை. என்ஜினுக்குப் போன டீசலில் மிஞ்சியது சூடாகித் திரும்பக் குழாய் வழியாக டேங்க்குக்கே வரும். அப்போதும் பெட்ரோல் போல் ஆவியாவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. டீசல் என்ஜினுக்குக் காற்று தடையில்லாமல் போகும், ஆகவே கரியைக் காலி செய்ய அந்த உறிஞ்சலே கிடைக்காது. டீசல் கார்களில் பிரேக்குக்கு வேண்டிய உறிஞ்சலுக்காகவே தனியாக ஒரு பம்ப் வைத்திருப்பதும் இதனால்தான்.

இப்போது வேலைக்கு வருவோம். பெட்ரோல் வண்டிக்காரர் செய்யும் பெரிய தப்பு, ஆட்டோ கட் ஆன பிறகும் போடச் சொல்வது. பம்பின் மூக்கு நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அடுத்த முறை பாருங்கள். பெட்ரோல் அந்த ஓட்டை வரை ஏறியதும் பம்ப் தானாக நின்றுவிடும். அப்போது, "ரவுண்டு பண்ணிரலாமா அண்ணே?" என்ற குரல் வரும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே விட்டிருக்கும் வெற்றிடம் பெட்ரோல் விரிவதற்கும் ஆவிக்கும் வைத்த இடம். அதையும் நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே கரிப்பெட்டிக்குள் இறங்கும். கரி ஊறிப்போனால் ஆவியைப் பிடிக்காது. பெட்ரோல் போட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறும், ஐட்லிங்கில் நடுங்கும், வாடை வரும். கரிப்பெட்டியை மாற்றும் செலவோடு பார்த்தால், சில்லறை சரிக்கட்டப் போட்ட அந்தப் பெட்ரோல் விலை கூடினது.

அப்படியானால் வெயில் காலத்தில் டேங்க் ஃபுல் போட்டால் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? வருடா வருடம் கத்திரி வெயிலோடு சேர்ந்து வரும் செய்தி அது. இந்தியன் ஆயில் பெயரைப் போட்டே சுற்றியது. அந்த நிறுவனமே மறுத்து, தயாரிப்பாளர் குறித்த அளவு வரை எந்தக் காலத்திலும் நிரப்பலாம் என்று சொல்லியிருக்கிறது. டேங்க் வெயிலால் மட்டும் வெடிக்காது. பெட்ரோல் எரிய, காற்றில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து ஏழெட்டுப் பங்கு வரை ஆவி இருக்கவேண்டும். டேங்க்குக்குள் ஆவி அதைவிட மிகக் கூடுதல், எரியப் போதுமான காற்று அங்கே இல்லை. ஆபத்து டேங்க்குக்கு வெளியே, ஆவி காற்றோடு கலக்கிற இடத்தில்.

காலி டேங்க்கில்தான் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டை அடைக்க டேங்க்கைக் கழற்றி வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறோம். "காலியாத்தான இருக்கு" என்று வெல்டிங் வைத்தால், ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சம் ஆவியாகிக் காற்றோடு சரியான அளவில் கலந்து நிற்கும். இதில் டீசல் டேங்க்கையும் நம்பக்கூடாது, வெல்டிங் சூட்டுக்குப் பற்றுநிலை எல்லாம் எம்மாத்திரம். நன்றாகக் கழுவி, ஆவி நீக்கி, அந்த வேலை தெரிந்த பட்டறையில்தான் கொடுக்கவேண்டும்.

பைக் நாலைந்து கிலோமீட்டர் ஓடியபின் தானாக நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி நிற்கிறது. இது என்ன? ஒருமுறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே 'ஸ்ஸ்' என்று இழுபட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால் காற்றுவழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. பழைய பைக்குகளில் மூடியிலேயே ஊசித்துளை இருக்கும், நம்ம ஊர்ப் புழுதி அதை அடைத்துவிடும். கார்புரேட்டரைப் பிரிக்கச் சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். டிராக்டரின் டீசல் மூடியிலும் இதே துளை உண்டு, இதே கோளாறும் உண்டு.

காரில் இந்த அடைப்பு வேறு மாதிரி காட்டும். பெட்ரோல் போடும்போது டேங்க் நிறையாமலேயே பம்ப் 'டப் டப்' என்று கட் ஆகிக்கொண்டே இருக்கும். பங்க்கை மாற்றினாலும் அப்படியே என்றால் கரிப்பெட்டியின் காற்றுவழியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் அது பின்சக்கரத்துப் பக்கம், டேங்க்கை ஒட்டி இருக்கிறது. ஐப்பசி மழையில் கரிசல் சேறு சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொள்வது உங்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்.

மூடி சரியாக மூடாவிட்டால் என்ஜின் விளக்கு எரியும் என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் அமெரிக்கக் கார்களின் கதை. ஆவிக் கசிவைத் தானே சோதிக்கும் ஏற்பாடு அங்கே கட்டாயம். இங்கே ஓடும் பல கார்களில் அது இல்லை. விளக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் மூக்கை நம்புங்கள். மூடிய ஷெட்டில் காலையில் பெட்ரோல் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், கதவைத் திறந்து காற்றோட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதில் பென்சீனும் (புற்றுநோய் உண்டாக்கும் ஒரு பொருள்) கொஞ்சம் உண்டு. முகர்ந்து ரசிக்கும் வாசமல்ல.

டீசல் பக்கம் வருவோம். இங்கே வியாதி ஒன்றுதான் பெரிது: ஏர் பிடிப்பது. டீசலைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டினால், அல்லது ஃபில்டர் மாற்றும்போது, குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. பம்ப் தள்ளும்போது நடுவில் காற்று இருந்தால் அதுதான் அமுங்கிக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறாது, இன்ஜெக்டர் (டீசலைப் பூவாகத் தூவும் முனை) தூவாது. பிறகு பங்க்கிலிருந்து கேனில் வாங்கிவந்து ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. விடாமல் செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் இறங்கும்.

பழைய டிராக்டர் என்றால் ஏர் எடுப்பது உங்கள் கைவேலை. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் கெட்டியாக வந்ததும், பம்ப் அடித்தபடியே ஸ்குரூவை இறுக்குங்கள். பம்ப்பிலும் ஸ்குரூ இருந்தால் அங்கேயும் அப்படியே.

இதே கைவேலையைப் புது டீசல் காரிலும் லோடு வண்டியிலும் செய்யலாமா? ஃபில்டர் பக்கம் கைப்பம்ப் கொடுத்திருந்தால் அதை அடிக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயைத் தளர்த்தவே கூடாது. அவை காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) வகை. ஓடும்போது அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், அதாவது 14,500 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம். அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்து போல்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரி போகவேண்டிய காயம் அது.

பெட்ரோல் வண்டிக்கு ஏன் ஏர் பிடிப்பதில்லை? டேங்க்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருந்து தள்ளுவதால் காற்று தானாக வெளியேறிவிடுகிறது. பழைய அம்பாசடர், ஃபியட் காலத்தில் பெட்ரோலுக்கு வேறொரு தொல்லை இருந்தது. கோடையில் மேடு ஏறினால் என்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிவிட்டு மரத்தடியில் உட்காருவார்கள். அந்தக் காலம் போய்விட்டது.

டீசல் போடும்போது கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டுமா? இங்கே கொஞ்சம் விலக்கு. டீசல் நுரைக்கும். நுரை மூக்கைத் தொட்டதும் பம்ப் நிற்கும், டேங்க் உண்மையில் நிறைந்திருக்காது. நுரை அடங்கியபின் இன்னும் கொஞ்சம் போடுவதால் கெடப்போவது ஒன்றுமில்லை. கெடுவதற்குக் கரிப்பெட்டியே இல்லை. கழுத்து வரை நிரப்பி வழியவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். டீசல் தங்குகிற சரக்கு என்பதால் அதனோடு சேர்ந்த தண்ணீரும் அடியில் தங்கும். பாதி டேங்க்கோடு நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து சொட்டாகி இறங்குகிறது. விதைப்பு முடிந்து சும்மா நிற்கும் டிராக்டரை முடிந்தவரை டேங்க் நிறைத்து நிறுத்துங்கள். ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். காட்டில் வைத்துக் கேனிலிருந்து ஊற்றும்போது வலை வைத்த புனலும், காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதும் வேண்டும். புழுதி ஒரு சிட்டிகை போனாலும் புது டீசல் வண்டியின் இன்ஜெக்டர் தாங்காது, அதன் விலையை நீங்களும் தாங்கமாட்டீர்கள்.

கேன் என்றதும் வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்பீர்கள். விற்பனைக்கில்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைக்கலாம். டீசலுக்கு, எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள்: எல்லாம் ஆவி செய்யும் வேலை. மருந்தடிக்கும் ஸ்ப்ரேயருக்கு வாங்கிய ஒன்றிரண்டு லிட்டர் பெட்ரோல்தான் நம் வீடுகளில் இருக்கும். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரை மூலையில் வைக்கிறோம். இறுக்கமான மூடி போட்ட, பெட்ரோலுக்கென்றே உள்ள கேனில், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். ஸ்ப்ரேயர் என்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

கடைசியாக, டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டால்? வீட்டில் இரண்டு வகை கேனும் இருந்தால் நடக்கக்கூடியதே. டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் தமக்கு வேண்டிய வழுவழுப்பை டீசலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, பெட்ரோல் அதைக் கழுவிவிடும். சாவியைக்கூடப் போடாதீர்கள், சில வண்டிகளில் சாவி போட்டதுமே டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். தள்ளி ஓரம்கட்டி, டேங்க்கை முழுக்க வடித்துவிட்டு டீசல் போட்டு, ஏர் எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். வடித்த கலவையின் மேல் 'பெட்ரோல்' என்றே எழுதி வையுங்கள். அதில் பாதி டீசலாக இருந்தாலும் ஆவியாவதிலும் பற்றுவதிலும் அது பெட்ரோல்தான்.